இளைப்பதற்காகச் சாவுக்குப் போனவன்

முன்பின் தெரியாத பதினொரு பேருடைய சவ ஊர்வலத்தில் நான் நடந்திருக்கிறேன். துக்கத்தினால் அல்ல, தொப்பையினால். எண்பது வயதில் இதை ஒப்புக்கொள்வதில் ஒரு வசதி உண்டு. அந்தக் குடும்பத்தார் யாரும் இனி என் சட்டையைப் பிடிக்க வரமாட்டார்கள்.

அப்போது எனக்கு ஐம்பத்தேழு வயது. மொரீஷியஸில் பயணிகள் ரயிலை நிறுத்தியிருந்த சமயம். போ பசான் என்ற ஊரில் வீடு, தலைநகர் போர்ட் லூயியில் அரசாங்க உத்தியோகம். வீட்டு வாசலில் பஸ் ஏறி, ஆபீஸ் வாசலில் இறங்கி, நாற்காலியை நிரப்பிவிட்டு அதே வழியில் திரும்பி வருவேன். எடை நூற்றெட்டு கிலோ. (சீனர் கடையில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏறித்தான் தெரிந்துகொண்டேன். கடைக்காரர் பழக்க தோஷத்தில், "எங்க கொண்டுபோய் இறக்கணும்?" என்று கேட்டார்.)

கோயில் படி ஏறினால் மூச்சு வாங்கியது. என் மனைவி அஞ்சலை கியூர்பிப்பில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஒல்லியான மனிதர். என் மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"மிசியே, உங்க இதயம் ரெண்டு ஆள் வேலை பார்க்குது. பொரிச்சதைக் குறைங்க. தினம் அரை மணி நேரம் நடங்க. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அதுதான் வேகம்."

"நடக்காவிட்டால்?" என்றேன்.

"வீட்டுல விசேஷம் ஏதாவது வருதா?"

"ஆறு மாசத்துல எங்க பொண்ணுக்குக் கல்யாணம்" என்றாள் அஞ்சலை.

"அப்பா நின்னு நடத்தி வைக்கணும்னா, நடக்கச் சொல்லுங்க."

திரும்பி வரும்போது அஞ்சலை பஸ்ஸில் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவ விடுப்பு வாங்கிக்கொண்டு மறுநாளே நடக்க ஆரம்பித்தேன். ஆனால் எங்கள் ஊரில் நாலு பேர் மதிக்கிற ஆள் கால்நடையாகப் போனால் யாருக்கும் மனசு பொறுக்காது. முதல் நாள் அடுத்த வீட்டுக்காரர் காரை நிறுத்தி ஏற்றிக்கொண்டார். இரண்டாம் நாள், நிறுத்தமே இல்லாத இடத்தில் பஸ் நின்றது. மூன்றாம் நாள் முட்டைக்கோஸ் லாரி. "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்" என்றேன். "நடக்க முடியாதவங்களைத்தான் நடக்கச் சொல்வாங்க, பாவம், ஏறுங்க!" என்றார் லாரிக்காரர். மாட்டேன் என்றால் கோபித்துக்கொள்வார்கள். ஒரு வாரத்தில் நான் நடந்த தூரம், கட்டிலிலிருந்து கேட் வரைக்கும் இருக்கும்.

அந்த வாரக் கடைசியில் ஆபீஸ் நண்பரின் தகப்பனார் காலமானார். கறுப்புக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு சவ வண்டிக்குப் பின்னால் நடந்தேன். கார்கள் ஒதுங்கி நின்றன. ஆட்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒருவராவது "ஏறுங்க" என்று சொல்லவில்லை! கல்லறை வரை அரை மணி நேரம், மிதமான வேகம், பேசலாம், பாட முடியாது. டாக்டர் கேட்டது அத்தனையும் இருந்தது.

அதன் பிறகு ரேடியோவில் மரண அறிவிப்பு வாசிக்கும்போதெல்லாம் பென்சிலும் கையுமாக உட்கார்ந்தேன். வீட்டுக்கும் கல்லறைக்கும் எவ்வளவு தூரம், மேடா, சமதரையா என்று பார்ப்பேன். மதம், சாதி பார்க்கவில்லை. (இறந்தவரையே பார்க்கவில்லை.) கேட்டால், "ஆபீஸ்ல தெரிஞ்சவர்" என்பேன்.

பத்தாவது சாவுக்குக் கோட்டை மாட்டியபோது அஞ்சலை கேட்டாள்: "உங்க ஆபீசுல இன்னும் யாராவது மிச்சம் இருக்காங்களா?"

இரண்டு மாதத்தில் அரிசித் தராசு ஐந்து கிலோ குறைத்துக் காட்டியது. அதுவே வினையாயிற்று. தலை கால் புரியாமல், பாம்பூவில் ஒரு பெரியவரின் ஊர்வலத்தைத் தேர்ந்தெடுத்தேன். வெயில் கொளுத்தும் ஊர், பிற்பகல் இரண்டு மணி, எனக்கு மட்டும் கம்பளிக் கோட்டு. கால் மணி நேரத்தில் முகமெல்லாம் வேர்த்து வழிந்தது. கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து மூச்சிரைத்தேன். இறந்தவரின் மகன் திரும்பிப் பார்த்தார்.

"அப்பா உங்களுக்கு எப்படிப் பழக்கம்?"

பேச முடியவில்லை. டாக்டர் சொன்ன வேகத்தைத் தாண்டிவிட்டேன் என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். அந்த நல்ல மனிதரோ என்னைத் துக்கத்தால் வாயடைத்துப்போனவன் என்று நினைத்து, கையைப் பிடித்து முன்வரிசைக்குக் கூட்டிப்போனார். முன்வரிசையில் நின்று இளைப்பாற முடியுமா? கல்லறை வாசலில் என் முழங்கால் மடங்கியது.

தண்ணீர் தெளித்து, கோட்டைக் கழற்றி, மரநிழலில் படுக்க வைத்தார்கள். சற்று நேரத்தில் தெளிந்துவிட்டேன். ஆனால் பஸ்ஸுக்கு நடக்கத் தெம்பில்லை. சவ வண்டி டிரைவர், "நான் ரோஸ் ஹில்லுக்குத்தான் திரும்பறேன், போ பசான் பக்கம்தானே, விட்டுடறேன்" என்றார். முன் சீட்டில் அவரும் உதவியாளும். மூன்றாவதாக நான் நுழைந்தேன், கதவு மூடவில்லை. என்ன செய்வது? வீட்டு அடையாளத்தைச் சொல்லிவிட்டுப் பின்னால், சற்று முன்பு காலியான இடத்தில் படுத்துக்கொண்டேன். தொப்பியை மார்பில் வைத்துக் கைகளைக் கோர்த்துக்கொண்டதுதான் தெரியும், தூங்கிவிட்டேன்.

"மோ போந்தியே! ஐயோ கடவுளே!" என்று அடுத்த வீட்டம்மாள் போட்ட அலறலில்தான் விழித்தேன். எங்கள் வீட்டு வாசல். தெருவே திரண்டிருந்தது. நான் எழுந்து உட்கார்ந்தேன். அடுத்த வீட்டம்மாள் மயங்கி விழுந்தாள்.

அஞ்சலை அலறவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெயர் எழுதிக்கொண்டிருந்த கல்யாணப் பத்திரிகைகள் காலடியில் சிதறிக் கிடந்தன. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. செத்துப்போயிருந்தாலாவது இந்த வெட்கத்திலிருந்து தப்பியிருக்கலாம் என்று தோன்றியது.

"டீ இருக்கா?" என்றேன். வேறென்ன கேட்பதென்று தெரியவில்லை.

பத்திரிகைக் கட்டாலேயே முதுகில் நாலு வைத்தாள். பிறகுதான் அழுதாள். அத்தனை கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "நடக்கத்தானே சொன்னாரு? என்னைக் கூப்பிட்டா வரமாட்டேனா?" என்றாள்.

ஒரு வாரம் படுக்க வைத்து, டாக்டரிடம் காட்டி, அடுத்த வாரம் அவளே கூட நடக்க வந்தாள். வழக்கம்போல் கார் நின்றது. அஞ்சலை குனிந்து, "வேணாம் மிசியே. இவர் கடைசி வண்டியிலேயே ஏறி வந்துட்டாரு" என்றாள். காரைக் காணோம். ஊர் முழுக்கச் செய்தி பரவி, அதன் பிறகு யாரும் நிறுத்தவில்லை. மகள் கல்யாணத்தில் ஆரம்பம் முதல் தாலி கட்டும்வரை நாற்காலியைத் தொடாமல் நின்றேன். டாக்டர் வந்திருந்தார். அவருக்குத்தான் கால் வலித்தது.

இன்றைக்கும் ரேடியோவில் மரண அறிவிப்பு தொடங்கினால், பேரப்பிள்ளைகள் எங்கிருந்தாலும் கத்துவார்கள்: "தாத்தா, எவ்வளவு தூரம்?"

அஞ்சலை ரேடியோவை அணைத்துவிட்டு என் செருப்பை எடுத்துப் போடுவாள். "வாங்க, சீனர் கடை வரைக்கும் போயிட்டு வந்துடலாம்."