ஊபி படித்த ஜப்பான் பாஷை

பதினைந்தே நாள். அதற்குள் அந்த அரிசி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்காவிட்டால் தன் பெயர் சோலையப்பன் இல்லை என்று சோலையப்பன் சபதம் செய்தார். மனதுக்குள்தான் செய்தார். வாய்விட்டுச் செய்தால் அடுப்படியில் இருக்கும் அன்னபூரணிக்குக் கேட்டுவிடும்.

அது மலாயாவைப் பிடித்து ஆண்ட ஜப்பான்காரன் கணக்கில் 2604-ஆம் ஆண்டு, நம் கணக்கில் 1944. சோலையப்பனுடைய வயிற்றின் கணக்கில், மரவள்ளிக்கிழங்கு பிறந்து மூன்றாம் ஆண்டு. காலையில் அவித்த மரவள்ளி. மத்தியானம் மரவள்ளிப் புட்டு. ராத்திரிக்கு, காலையில் மிஞ்சிய மரவள்ளி. மலாக்காவின் காஜா பெராங்கில் எந்த வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்த்தாலும் அதுதான் தலையாட்டிக்கொண்டு நின்றது. ரேஷனில் எப்போதாவது தரும் அரிசியில் பாதி சுண்ணாம்பு. இரண்டு கவளம் சாப்பிட்டால் கை தானாக வெற்றிலையைத் தேடும்.

ஆனால் நல்ல அரிசி அன்னபூரணியிடம் இருந்தது. அதில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை. ஐப்பசியில் அவர் காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தாள். சுண்ணாம்பு வாடையே இல்லாத வெள்ளைக் கஞ்சி. காய்ச்சல் விட்டது. கஞ்சியும் விட்டது.

"அன்னம், அந்த அரிசி..."

"எந்த அரிசி?"

"காய்ச்சலுக்குக் கஞ்சி வச்சியே, அந்த அரிசி."

"காய்ச்சல்ல மனுஷனுக்கு என்னென்னமோ தெரியும். செவுத்துல யானை வருதுன்னுகூடத்தான் சொன்னீங்க."

சோலையப்பன் பரணில் ஏறிப் பார்த்தார். டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார். சாமி படங்களுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, தேள் ஒன்றைக் கண்டுபிடித்தார். தலையணையைக்கூடப் பிரித்துப் பார்த்துவிட்டார். அரிசி மட்டும் அகப்படவில்லை.

சோலையப்பன் டவுன் ஆபீஸ் குமாஸ்தா. குமாஸ்தாக்கள் எல்லாரும் சாயந்திரம் ஜப்பான் பாஷை வகுப்புக்குப் போக வேண்டும் என்று அப்போது உத்தரவு. ஒருநாள் வகுப்புக்குப் போகிற வழியில், ஒரு ஜப்பான் ஆபீசரின் நாய் லாரி லாரியாக மோந்துகொண்டு போனதைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் மூளையில் விளக்கு எரிந்தது. மனுஷனுக்கு மூக்கு எதற்கு இருக்கிறது, சளி பிடிக்கத்தானே! மோந்து பார்க்க நாய் வேண்டும்.

பக்கத்து வீட்டு விநாயகம் மலாக்காச் செட்டி. பெயர் தமிழ், சாமி தமிழ், வாயைத் திறந்தால் மலாய். அவர் வீட்டுக் கறுப்பி நாலு குட்டி போட்டிருந்தது. சோலையப்பன் ஒன்று கேட்டார். விநாயகம் "போலே, போலே" என்று மலாயில் சம்மதம் சொல்லி, தாராளமாகத் தலையாட்டி, இருப்பதிலேயே உருண்டையான குட்டியைத் தூக்கிக் கொடுத்தார்.

"எதுக்குங்க இது? நமக்கே கெழங்கு பத்தல" என்றாள் அன்னபூரணி.

"காவலுக்கு. கொல்லையில கெழங்கு திருடு போகுது."

"போனா போகட்டுமே. நீங்கதான அதப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிறீங்க."

"இது பேரு ஜெனரல். பதினஞ்சு நாள்ல பழக்கிடுவேன்."

அன்னபூரணி குட்டியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "உரிச்ச கெழங்காட்டம் இருக்கு. ஊபி!" என்று மரவள்ளியின் மலாய்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு ஓடியது. ஜெனரல் பதவி அத்தோடு முடிந்தது.

சோலையப்பன் பாடத்தை ஜப்பான் பாஷையில் நடத்தினார். மூன்று மாதம் படித்ததில் அவருக்கு மொத்தம் எட்டு வார்த்தை தெரியும். நாய்க்கு அது ஏராளம். 'சகாசே' என்றால் தேடு. 'யாமே' என்றால் நிறுத்து. சொன்னதைச் செய்தால் ஒரு நெத்திலிக் கருவாட்டுத் தலை.

முதலில் ரேஷன் அரிசியை மோக்கக் கொடுத்து "சகாசே!" என்றார். ஊபி வீட்டுக்குள் ஓடி, அன்னபூரணியின் வெற்றிலைப் பெட்டியைக் கவிழ்த்து, சுண்ணாம்பில் மூக்கை விட்டுக்கொண்டு அலறியது.

"காவல் பாடம் ரொம்ப நல்லா நடக்குது" என்றாள் அன்னபூரணி, அதன் மூக்கில் எண்ணெய் தடவிக்கொண்டே.

சோலையப்பன் சளைக்கவில்லை. ஜப்பான் சண்டைக்கு முன்னால் அரிசி இருந்த பழைய டின்னைத் தட்டித் தட்டி, அதன் இடுக்கிலிருந்து நல்ல அரிசி பதினொன்றைப் பொறுக்கினார். கைக்குட்டையில் முடிந்து வேட்டி மடியில் செருகிக்கொண்டார். அன்னபூரணி குழாயடிக்குப் போன நேரம் பார்த்து அதை மோக்கக் கொடுத்தார்.

"சகாசே!"

ஊபி அம்பாகப் பாய்ந்தது. வீட்டுக்குள் இல்லை. கொல்லையைத் தாண்டி, செம்பருத்தி வேலியின் இடுக்கில் புகுந்து, விநாயகம் வீட்டுக்குள். மறுபடி தூக்கி வந்து மறுபடி சொன்னார். மறுபடியும் வேலி. மூன்றாவது தடவை போனபோது, தண்ணீர்க் குடத்தோடு அன்னபூரணி வேலியோரம் நின்றாள். அவள் முகம் ஏனோ வெளுத்திருந்தது.

"இது மக்கு. சும்மா சும்மா பால் குடிக்க ஓடுது" என்றார் சோலையப்பன்.

அன்னபூரணி குடத்தை இறக்கி வைத்தாள்.

"ஆமாங்க. தாய் வீட்டு ஞாபகம். மொதல்ல அத மறக்கடிங்க. அப்புறம்தான் படிப்பு ஏறும்."

"நீ இருபது வருஷமா உன் தாய் வீட்ட மறக்கலையே."

"என்னை யாரு கருவாட்டுத் தல குடுத்துப் பழக்குனா?" என்றவள் உள்ளே போய், ஒரு கை நிறைய நெத்திலித் தலைகளை அள்ளிவந்து கொடுத்தாள். "வேலிகிட்டப் போனா நிறுத்துங்க. திரும்பி வந்தா ஒண்ணு குடுங்க. தெனமும் செய்யணும். நீங்க பொறுமைசாலி, உங்களாலதான் முடியும்."

கல்யாணமான இருபது வருஷத்தில் அவள் அவரைப் புகழ்ந்தது அன்றுதான். சோலையப்பனுக்குத் தரையில் கால் பாவவில்லை. காலையும் மாலையும் வேலியோரம் நின்று "யாமே!" என்று கத்தினார். தொண்டை கட்டியது. அன்னபூரணி இஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். பன்னிரண்டாம் நாள், 'யாமே' சொல்லாமலே ஊபி வேலிவரை ஓடி, தானே நின்று, திரும்பி வந்து அவர் காலடியில் உட்கார்ந்தது. இனி அரிசிதான் பாக்கி என்று சோலையப்பன் மீசையைத் தடவினார்.

பதினான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்குக் கம்பத்துக் குடியிருப்பின் வாசலில் லாரி வந்து நின்றது. ஒரு ஜப்பான் ஆபீசரும் இரண்டு போலீஸ்காரர்களும் இறங்கினார்கள். பதுக்கல் அரிசிச் சோதனை.

அரிசி அகப்பட்டால் என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும். பக்கத்து ஊரான செமாபோக்கில் ஒரு மனிதரை அப்படித்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தவர் இன்னும் நிமிர்ந்து நடக்கவில்லை. சோலையப்பன் இடுப்பை ஒடித்துக் கும்பிடு போட்டார். பக்கத்தில் அன்னபூரணியும் குனிந்தாள். அவள் தாலியை இறுகப் பிடித்திருந்ததை அவர் பார்த்தார். அரிசி நிஜமாகவே இருக்கிறது என்று அப்போது உறுதியாகத் தெரிந்தது. அதில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

ஆபீசர் போலீஸ்காரர்களைப் பார்த்துக் கத்தினான்:

"சகாசே!"

போலீஸ்காரர்கள் அசைவதற்குள் ஊபி பாய்ந்துவிட்டது.

சோலையப்பனுக்கு உயிரே போய்விட்டது. ஐயோ, நானே பழக்கினேனே! என் பெண்டாட்டியை நானே காட்டிக் கொடுக்கப்போகிறேனே! இரண்டு வாரமாக அதற்குப் புத்தி கொடு என்று வேண்டிய முருகனிடம், இருக்கிற புத்தியையும் எடுத்துக்கொள் என்று வேண்டினார். ஆபீசர் குட்டியைக் கவனித்துவிட்டான். போலீஸ்காரர்களைக் கையமர்த்தி நிறுத்திவிட்டு, அதன் பின்னாலேயே நடந்தான்.

மூக்கைத் தரையில் தேய்த்துக்கொண்டு கொல்லையைக் கடந்தது ஊபி. வேலிவரை ஓடியது. இடுக்கின் முன்னால் ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. அன்னபூரணி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஊபி திரும்பியது. துள்ளி ஓடிவந்து சோலையப்பன் காலடியில் உட்கார்ந்து, கருவாட்டுத் தலைக்காக வாயைப் பிளந்தது. தலை கிடைக்காததால் எம்பி அவர் வேட்டி மடியை மோந்து குரைத்தது.

ஆபீசர் அந்த மடியைச் சுட்டிக் காட்டினான். சோலையப்பன் கைக்குட்டையை எடுத்து அவிழ்த்தார்.

பதினோரு அரிசி.

ஆபீசர் அரிசியைப் பார்த்தான். சோலையப்பனின் விலா எலும்புகளைப் பார்த்தான். மறுபடி அரிசியைப் பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என்னவோ சொன்னான், அது அந்த எட்டு வார்த்தைகளில் இல்லை. விநாயகம் வீட்டு வாசலிலும் போலீஸ்காரர்கள் பேருக்கு எட்டிப் பார்த்தார்கள். கறுப்பி பல்லைக் காட்டி உறுமியதும் இரண்டே எட்டில் வெளியே வந்தார்கள். லாரி போய்விட்டது.

சோலையப்பன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். அன்னபூரணியும் உட்கார்ந்தாள். முதலில் அழுதாள். அழுகை பாதியிலேயே சிரிப்பாக மாறியது.

"ஏங்க, ஊபி எதுக்கு வேலிக்கே ஓடுச்சுன்னு நெனச்சீங்க?"

"பாலுக்கு."

"பாலுக்கா! கறுப்பி படுத்திருக்கற பலகைக்கு அடியிலதான் அரிசி மூட்ட இருக்கு. குட்டி போட்ட நாய்கிட்ட எவன் கைய விடுவான்னு நானும் விநாயகம் சம்சாரம் சிவகாமியும் சேந்து வச்சது. இது கண்ணு தொறக்கறதுக்கு முன்னாலயே மோந்து பாத்த வாசன அது."

சோலையப்பன் ஊபியையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மொத நாளே நேரா ஓடுனப்ப எனக்கு ஈரக்கொல நடுங்கிப்போச்சு. ஊரெல்லாம் சோதனை. இத யாரு நிறுத்திப் பழக்கறது? எனக்கு நேரமேது? அப்புறம்தான் தோணுச்சு, வீட்டுல ஒரு வாத்தியார் சும்மா இருக்காரேன்னு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, அன்னம்?"

"சொல்லியிருந்தா? போகிக்குச் சிவகாமி வீட்டுல செத்துப்போன மூத்தவங்களுக்குப் படைக்கணும். மறுநாள் நம்ம வீட்டுல பொங்கல் வைக்கணும். என் பட்டுப் பொடவ ரெண்டக் குடுத்து மாத்துன அரிசிங்க. உங்ககிட்டச் சொன்னா தை வரைக்கும் இருக்குமா?"

இருக்காது. அது அவருக்கே தெரியும். அவள் பட்டுப் புடவையைப் பார்த்து வெகுநாளாயிற்று என்பதே அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதையும் மீறி, அவள் லாரியில் ஏறாமல் இங்கே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

அன்று மத்தியானம் அன்னபூரணி ஒரு கை அரிசி போட்டுச் சோறு வடித்தாள். வெள்ளைச் சோறு, மிளகு ரசம், சுட்ட நெத்திலி. ஆளுக்கு நாலு கவளம்தான். ஊபிக்கு ஓர் உருண்டை. சோலையப்பன் ஒவ்வொரு பருக்கையாக மென்று சாப்பிட்டார். பயமெல்லாம் வயிற்றுக்குள் கரைந்து, உடம்பு லேசாகிவிட்டது. இரண்டு வருஷத்தில் அன்றுதான் அவர் குறட்டைவிட்டுத் தூங்கினார்.

மறுநாள் காலையில் எழுந்தபோது நாலு கவளத்தின் ருசி நாக்கிலேயே நின்றது. பொங்கலுக்கோ இன்னும் நாற்பது நாள் இருந்தது. கறுப்பிக்கு நன்றி சொல்லிவிட்டு வருவதாக அவர் ஒரு கருவாட்டுத் தலையோடு பக்கத்து வீட்டுக்குப் போனார். கறுப்பி வெறும் சிமெண்டுத் தரையில் படுத்திருந்தது. பலகையே அங்கே இல்லை.

வீட்டுக்குத் திரும்பி, ஊபியின் காதருகே குனிந்து மெல்லச் சொன்னார்: "சகாசே."

ஊபி எழுந்தது. நேராக அடுப்படிக்குப் போய் அன்னபூரணியின் காலடியில் உட்கார்ந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கருவாட்டுத் தலையைப் போட்டாள்.

"அன்னம், அந்த அரிசி..."

"எந்த அரிசி?" என்றாள் அன்னபூரணி.