பிடித்தம் போக ஒரு மாப்பிள்ளை

தனக்கு வரவேண்டிய கமிஷனைத் தன் வாயாலேயே விரட்டியடிக்கும் கல்யாணத் தரகர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் ஆந்திர எல்லையிலுள்ள எங்கள் நகரியில் இருக்கிறார். அவர் பேசி முடித்த கல்யாணங்களைவிட, அவர் பேசியதால் முறிந்த கல்யாணங்கள்தான் அதிகம். பிச்சாட்டூரிலிருந்து புத்தலப்பட்டு வரைக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. 'பிடித்தம்' என்றால்தான் தெரியும். வெளிநாட்டு மாப்பிள்ளை என்று யாராவது ஜாதகத்தை நீட்டினால், ராசி நட்சத்திரத்தைப் பார்க்கும் முன்பே கேட்பார்: "டாக்ஸு, வாடகை, பெட்ரோலு, எல்லாப் பிடித்தமும் போவ பையன் கையில இன்னா நிக்கும்?" ஒருமுறை புத்தூரில் பெண்ணின் அத்தை, 'பிடித்தம்' என்ற ஒரு சொல்லை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, "புடிச்சிக்கிதாம், புடிச்சிக்கிதாம்!" என்று கூவியபடி கூடத்தில் இருந்த அத்தனை பேர் வாயிலும் சர்க்கரையைப் போட்டுவிட்டாள். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை. சர்க்கரை போனது போனதுதான்.

விலை வித்தியாசம் அவருக்கு ஒரு வெறி. எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரம் போனால் தமிழ்நாடு. அங்கே வரி குறைவு, அதனால் பெட்ரோலும் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. அவருடைய மொபெட் ஆந்திரா பெட்ரோலை ருசி பார்த்ததே கிடையாது. ஒரு சித்திரை வெயிலில், எல்லைக்கு இந்தப் பக்கமே வண்டி நின்றுவிட்டது. நின்ற இடம் சரியாக ஒரு பங்க் வாசல். பங்க்காரர் குழாயைத் தூக்கிப் பிடித்து, "ரண்டி, ரண்டி" என்று அழைத்தார். இவர் மாற்றான் வீட்டு விருந்தைப் பார்த்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு, வண்டியைத் தள்ளியே எல்லையைத் தாண்டினார். அந்தப் பக்கம் போய் ஒரு லிட்டர் போட்டார். தாகத்துக்கு இரண்டு இளநீர், மயக்கத்துக்கு ஒரு சோடா, முழங்காலுக்கு ஒரு தைலம். "அப்பறம் மிச்சம் எவ்ளோ?" என்று என் நைனா கேட்டார். "அத்த வுடு அண்ணா. மனுசனுக்குக் கொள்கைனு ஒண்ணு வேணாவா?"

அவர் கட்டிக்கொடுத்து வெளிநாடு போன பெண்களுக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் போன் போடுவார். பால் என்ன விலை, பஸ் டிக்கெட் என்ன விலை என்று கேட்டுவிட்டு, கடைசியில் சலூனுக்கு வருவார். அவரைப் பொறுத்தவரை ஒரு நாட்டை அளக்க சலூன்தான் தராசு. "வெங்காயம் கப்பல்ல வரும்மா. முடிவெட்டுறவன் கப்பல்லயா வர்றான்? அவன் அந்த ஊர்ல வாடகை கட்டி, துன்னு, புள்ளையப் படிக்கவெச்சிதானே கத்திரியத் தூக்குறான்? அவன் இன்னா வாங்குறானோ அதான் அந்த ஊரு வெல."

குவைத் மாப்பிள்ளை வீட்டார் ஒருவர், "எங்க பையனுக்குப் பைசா டாக்ஸ் கிடையாது. பெட்ரோல் தண்ணி வெல" என்று மார்தட்டினார். பிடித்தம் பொறுமையாகக் கேட்டார்: "சரிங்க. பொண்டாட்டியக் கூப்ட்டுக்கினு போறதுக்கு இவ்ளோ சம்பளம் இருக்கணும்னு அங்க ஒரு ரூல் கீதே, அந்தச் சம்பளம் தம்பிக்கு வருதா?" வரவில்லை. "அப்போ டாக்ஸும் இல்ல, பொண்டாட்டியும் இல்ல" என்று சொல்லிவிட்டு வடையைக் கடித்தார். நார்வே மாப்பிள்ளை விஷயத்தில் தலைகீழ். எண்ணெய் எடுக்கிற நாட்டிலேயே பெட்ரோல் நம்மைவிட விலை, சம்பளத்தில் பெரும் பங்கு வரிக்குப் போகிறது என்று கேட்டதும் பெண்ணின் அம்மா அழுதேவிட்டாள். "அழுவாதம்மா. அங்க பிரசவத்துக்குக் காசு இல்ல, புள்ள படிப்புக்குக் காசு இல்ல. நீ ரெண்டு பெத்து ஆஸ்பத்திரிக்கும் இங்கிலீஷ் மீடியத்துக்கும் அழுதத கூட்டிப் பாரு, அது டாக்ஸ் இல்லாம இன்னா?" என்றார். அந்தக் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது.

அடுத்தது என் முறை.

எனக்குத் திருப்பதியில் ஒரு காலேஜ் ஆபீசில் வேலை. நைனாவுக்கு நகரியில் நாலு பவர்லூம். மாப்பிள்ளை வீடு புத்தலப்பட்டு, விவசாயக் குடும்பம், பையன் லண்டனில். அவன் அம்மாவும் அப்பாவும் மாமாவும் வந்திருந்தார்கள். அன்றைக்குத் தறிகளை நிறுத்தியிருந்தோம்; வீடே புது வீடு மாதிரி அமைதியாக இருந்தது. ஒரு நூல் கோன்மேல் போனைச் சாய்த்து வைத்து வீடியோ கால் போட்டார்கள். அவன் அம்மா வந்ததிலிருந்தே பவுண்டை ரூபாயால் பெருக்கிப் பெருக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். என் அம்மா கண்ணில் நகரிக்கு ஃப்ளைட் வந்து இறங்குவது தெரிந்தது.

பிடித்தம் போனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "தம்பி, டாக்ஸு போவ எவ்ளோ?" சொன்னான். "வாடகை?" சொன்னான். "வேற?"

"கவுன்சில் டாக்ஸுங்க. குடியிருக்கிற வீட்டுக்கு."

"வூடு அவன்து. டாக்ஸு உன்துவா?"

"ஆமாங்க. இருக்கறவங்கதான் கட்டணும்."

உலகத்து விலையெல்லாம் அறிந்த பிடித்தத்துக்கு இது புதுசு. ஒரு நிமிஷம் ஆடிப்போனார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "காருக்குப் பெட்ரோலு?" என்றார்.

"எனக்குக் கார் இல்லீங்க."

அவன் அம்மா போன் பக்கம் குனிந்தார். "டேய், செவப்புக் கார் முன்னாடி நின்னு போட்டோ அனுப்புனியே?"

"அது பக்கத்து வீட்டுக்காரர்துமா."

என் தங்கை சிரித்துவிட்டாள். அவன் மாமா எழுந்து நின்று, "ஏமய்யா, பொண்ணு பாக்கற எடத்துல ஆடிட்டா பண்ற?" என்று சத்தம் போட்டார். பிடித்தம் அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. போனையே உற்றுப் பார்த்தார். "தம்பி, முடி ஏன் இப்டி ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் எறங்கிக்கினு கீது?"

"நானே கண்ணாடி பாத்து வெட்டிக்கிறேங்க."

"ஒரு ரூம்ல எத்தினி பேரு?"

"நாலு பேர். படிப்புக் கடன் இன்னும் இருக்குதுங்க."

பிடித்தம் போனுக்கு இன்னும் கிட்டே நகர்ந்தார். அப்புறம் குரலே மாறிப்போய்க் கேட்டார்: "இன்னிக்கி இன்னாப்பா துன்ன?"

அவன் முகத்தைத் திரையிலிருந்து திருப்பிக்கொண்டான். அவன் அம்மா போனைப் பறித்துக்கொண்டு, "ஏண்டா எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினார்.

"நீ பெருக்கிப் பெருக்கிச் சந்தோஷமா இருந்தமா."

கூடத்தில் யாருக்கும் யாரையும் பார்க்க முடியவில்லை. நைனாதான் முதலில் கொதித்தார். "யோவ், நீ தரகரா, இன்கம்டாக்ஸ் ஆபீசரா? பெரிய மனுசங்கள வூட்டுல வெச்சி இப்டித்தான் அசிங்கப்படுத்துவியா?"

பிடித்தம் எழுந்து துண்டை உதறினார். "அண்ணா, தொழிலுக்கு வந்த புதுசுல கார்வேட்டிநகரத்துப் பொண்ணு ஒண்ண வெளிநாட்டுக்குக் கட்டிக்குடுத்தேன். இந்தம்மா மாதிரியேதான் பெருக்கினேன். கழிக்கல. மாசக் கடைசியில அந்தப் பொண்ணு வெறும் ரொட்டியத் துன்னுக்கினு, ஊருக்குப் போன் பண்ணி பிரியாணி துன்னேன்னு சொல்லிக்கினு இருந்துது. எனக்கு ரெண்டு வருசம் கழிச்சிதான் தெரிஞ்சிது. அந்தக் கமிஷன்ல வாங்கின சட்டைய நான் அப்பறம் போடல." சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

எனக்கு அப்போது எங்கிருந்து தைரியம் வந்ததென்று தெரியவில்லை. போனை வாங்கினேன். அவனிடம் கேட்டேன்: "ரெண்டு பேரும் வேலைக்குப் போனா சமாளிக்கலாமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தான். யோசித்தான் என்பதுதான் முக்கியம். "சமாளிக்கலாம்ங்க. மிச்சம் இருக்காது."

போனை அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வாசலில் நின்றிருந்த பிடித்தத்திடம் போனேன். "எனக்கு இவரையே பாருங்க" என்றேன்.

"கணக்கு ஒதைக்குதேம்மா" என்றார் அவர் கவலையாக.

"பொய் சொல்லலையே."

தலையைச் சொறிந்தார். "அதுக்கு எந்த ஊர்லயும் வெல கெடையாது" என்று முணுமுணுத்தபடி உள்ளே போய், என் நைனாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

கல்யாணம் நடந்தது. லண்டனில் குளிரோடும் வாடகையோடும் மல்லுக்கட்டி, கடனை அடைத்துவிட்டுத் திரும்பி வந்தோம். இருந்த நாளெல்லாம் ஞாயிறு தவறாமல் அவர் போன் வந்தது. பால் விலை கேட்பார், பஸ் டிக்கெட் விலை கேட்பார். "ஒடம்பு எப்டி கீது?" என்று மட்டும் கேட்கவே மாட்டார். நான் விலை சொல்லும் குரலிலேயே அதைத் தெரிந்துகொள்வார் போலிருக்கிறது. ஒருமுறை எனக்குக் காய்ச்சல். பால் விலையைச் சொன்னேன். "அந்த வெல கெடக்கட்டும். ரசம் வெச்சிக் குடி" என்று போனை வைத்துவிட்டார்.

போன மாதம் திருப்பதியில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்து, "ஒடம்பு தேறிக்கிது" என்று திருப்தியோடு சொன்னார். இரண்டு முறை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, "இதே வூடு சித்தூர்ல எடுத்திருந்தா..." என்று ஆரம்பித்தார். வாடகையில் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று சொல்லி முடிப்பதற்குள் தூங்கிப்போயிருந்தார்.

நான் எழுந்து ஃபேனை ஒரு நம்பர் கூட்டிவைத்தேன்.