தட்டுமுட்டு என்று எழுதிவிட்டேன்

புதன்கிழமை காலை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வாலாஜாபாத்தில் மாமனார் வீட்டிலிருந்த எங்கள் சாமான்களை டெம்போவில் ஏற்றி, ஒரகடம் பக்கம் என் புது கம்பெனியின் குவார்ட்டர்ஸில் இறக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். அதற்குள் பால் காய்ச்சியாக வேண்டும்.

பதினோரு மணிக்கே கேட்டுக்கு வந்துவிட்டோம். என்ன சாமர்த்தியம்!

வாட்ச்மேன் நோட்டை நீட்டினார். "உள்ள இன்னா போவுதுன்னு எழுதிட்டுப் போங்க சார்."

பம்பாயில் இருபது வருஷம் இங்கிலீஷில் எழுதியே ஓய்ந்த கை. தமிழில் எழுத ஒரு வாய்ப்பு வந்தால் விடுவேனா? "தட்டுமுட்டுச் சாமான்கள்" என்று அழகாக எழுதி, கையெழுத்தும் போட்டேன்.

அதை வாட்ச்மேன் ஊருக்கே கேட்கிற மாதிரி படித்தார்.

டெம்போ முன்சீட்டிலிருந்து மாமனார் இறங்கினார். "இன்னா மாப்ள எழுதினீங்க?"

"சும்மா... பொதுவா..."

"பீரோ, கட்டிலு, வெங்கல அண்டா. எம் பொண்ணுக்கு நான் செஞ்ச சீரு. நீங்க பம்பாய்ல இருந்த இருபது வருஷமும் நாந்தான் தொடச்சுத் தொடச்சு வெச்சினு இருந்தேன். அது தட்டுமுட்டா?"

அங்கேயே நான் வாயை மூடியிருக்கலாம். இரண்டு மொழி படித்தவன் மூடுவானா? விளக்கினேன்.

"அது பணிவுக்குச் சொல்றது மாமா. நம்ம பொருள நாமே ஒசத்தியா சொல்லிக்கக் கூடாதில்ல?"

"உங்க பொருள நீங்க எவ்ளோ வேணா தாழ்த்திக்குங்க. இது நான் குடுத்தது. டிரைவரு, திருப்புப்பா வண்டிய!"

டிரைவர் நிஜமாகவே திருப்ப ஆரம்பித்தார்!

மடியில் பால் சொம்போடு உட்கார்ந்திருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். "பேசாம இங்கிலீஷ்லயே எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

எழுதியதை அடிக்கப் போனேன். "வேற பக்கத்துல எழுதுங்க சார்," என்றார் வாட்ச்மேன். "அடிச்சுத் திருத்தினா ஆபீஸ்ல என்னிய கேப்பாங்க."

அதைக் கேட்டதும் மாமனார் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். அவர் நின்று சொல்லச் சொல்ல, நான் குனிந்து எழுதினேன். தேக்கு பீரோ, ஆளுயரக் கண்ணாடி வைத்தது, ஒன்று. கடைசல் கால் கட்டில், ஒன்று. அண்டாவுக்கு மட்டும் இரண்டு வரி.

மணி பதினொன்றே முக்கால்.

"மூலையில ஒரு ட்ரங்குப் பெட்டி கீதே, அது இன்னா?" என்றார் வாட்ச்மேன்.

என் புத்தகங்கள். பம்பாய் நடைபாதைகளில் அலைந்து அலைந்து சேர்த்தவை. நான் பெருமையாக வாயைத் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"அதுவா? அது தட்டுமுட்டு. எழுதிக்குங்க மாப்ள."

அப்படியே எழுதினேன். பால் நல்ல நேரத்தில் பொங்கியது.