கறுப்புச் சுருட்டும் காபி டப்பாவும்

“நீங்க பிடிக்கிறதைப் பக்கத்துல உக்காந்து பாக்கணும்னு முதலாளி கண்டிப்பா சொல்லிட்டார் சார்” என்றான் சுருட்டுக் கம்பெனி ஆள்.

சுருட்டு விமர்சகர் இதை எதிர்பார்க்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே வந்து உட்காருவான் என்று யார் கண்டது?

சுருட்டு விஷயத்தில் அவர் எழுதியதுதான் சட்டம். ‘இதைப் பிடிப்பதற்கு வாசல் மிதியடியைக் கொளுத்திப் பிடிக்கலாம்’ என்று பத்திரிகையில் ஒரு வரி எழுதினால் போதும், அந்தச் சுருட்டுக்காரன் கடையைக் கட்ட வேண்டியதுதான். ‘நாசித் திலகம்’ என்பது வாசகர்கள் கொடுத்த பட்டமாம். எந்த வாசகர் என்று கேட்டால் மனுஷருக்குக் கோபம் வந்துவிடும்.

இதில் ஒரே ஒரு சங்கடம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து வீட்டையே படுக்கப் போட்டது. போகும்போது அவருடைய மூக்கையும் கையோடு கொண்டு போய்விட்டது. ரோஜாவும் மண்ணெண்ணெயும் அவருக்கு இப்போது ஒன்றுதான். வேறு யாராவது என்றால் பேனாவை மூடி வைத்திருப்பார்கள். இவர் மனைவியைப் பின்னால் நிறுத்திக்கொண்டார். இவர் புகை விடுவார், அவள் “ஏலக்காய்”, “தேன்” என்று காதில் ஓதுவாள். அதற்கு நகை நட்டெல்லாம் பூட்டி எழுதிவிடுவார். அவளுக்கு ஒரு நன்றி உண்டா? மூச்!

இப்போது இந்தக் கம்பெனி தன் புதுக் கறுப்புச் சுருட்டுக்கு நிரந்தரமாக ஒரு சுவைஞரைத் தேடுகிறது. கிடைத்தால் பங்களாவும் காரும். மூக்கு விஷயம் வெளியே வந்தாலோ, அவரிடம் திட்டு வாங்கிய அத்தனை பேரும் வாசலில் வந்து நின்று கைகொட்டிச் சிரிப்பார்கள்.

“முன்னாடி இருந்த ஆளுக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

“ஒரு நாள் ஜலதோஷம்னார் சார். அன்னைக்கே அனுப்பிட்டோம்.”

தண்ணீர் குடிக்கிற சாக்கில் விமர்சகர் சமையலறைக்கு ஓடினார்.

“இந்தா பாரு, இன்னைக்குக் காதுல சொல்ல முடியாது. அவன் முதுகுக்குப் பின்னால, சமையலறை வாசப்படியில நில்லு. என்ன மணம் வருதோ அந்தச் சாமானைத் தூக்கிக் காட்டு.”

“அடுப்புல பால் வெச்சிருக்கேங்க.”

“என் பிழைப்பு பெருசா, பால் பெருசா?”

அவள் பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டு வாசப்படிக்கு வந்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது?

விமர்சகர் சுருட்டை எடுத்தார். கன்னங்கரேலென்ற மேலிலை, எண்ணெய் தடவியதுபோல் மினுமினுத்தது. விரலால் உருட்டினார். காதருகே வைத்து அமுக்கிக் கேட்டார், என்ன கேட்டதோ! தலையை நறுக்கி, பற்றவைத்து, கண்ணை மூடுவதுபோல் மூடி ஒரு கண்ணை வாசப்படிமேல் வைத்தார்.

மனைவி கையில் காபி டப்பா.

“காபி. இப்பத்தான் அரைச்ச காபி.”

கம்பெனி ஆளின் பேனா ஓடியது. அடுத்து மிளகு டப்பா.

“பின்னாலேயே மிளகு. நாக்கு நுனியில சுரீர்னு.”

“அபாரம் சார்!”

அடுத்து அவள் கையில் அவருடைய பழைய ஷூ.

“நாள்பட்ட தோல்!”

“ஐயோ சார், முதலாளியும் இதையேதான் சொன்னார்!”

நாசித் திலகம் நெஞ்சை நிமிர்த்தினார். அடுத்து அவள் தூக்கியது தரை துடைக்கிற மருந்து பாட்டில். இது மணமா, இல்லை இவள் தரை துடைக்கப் போகிறாளா? கேட்கவா முடியும்?

“கடைசியில... கழுவிவிட்ட ஆஸ்பத்திரி வராந்தா.”

பேனா நின்றது. “ஆஸ்பத்திரியா சார்?”

“ஏன்யா, சுத்தம்னா உங்களுக்கெல்லாம் அவ்வளவு கேவலமா போச்சா? மட்டச் சுருட்டுலதான் அழுக்கு மணக்கும்!”

அவன் அவசரமாக ‘சுத்தம்’ என்று எழுதிக்கொண்டான். நல்லதாக வேறு ஏதாவது காட்டு என்று விமர்சகர் மனைவியை முறைத்தார். அந்த வீட்டில் முறைத்தால் உள்ளே போ என்று அர்த்தம். அவள் போய்விட்டாள்.

வாசப்படி காலி. விமர்சகர் வெறும் புகையை விட்டுக்கொண்டிருந்தார். நல்லவேளையாகக் கம்பெனி ஆளே மூக்கை உறிஞ்சினான்.

“சார், ஏதோ தீயுற வாடை வருதே?”

“வரணுமே! பாதி எரிஞ்ச பிறகுதான் கறுப்பு இலை தன் குணத்தைக் காட்டும்.”

“பால் தீஞ்ச மாதிரி இருக்கு சார்.”

“பாலேதான்! பரவாயில்லையே, உனக்கும் கொஞ்சம் மூக்கு இருக்கே.”

“சார், புகை சமையலறையிலிருந்து வருது!”

அவன் எழுந்து ஓடினான். விமர்சகர் வாய்ச்சுருட்டோடு விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். அவன் இருமிக்கொண்டே திரும்பி வந்தான்.

“அம்மா அடுப்புப் பக்கத்துலயே முதுகைக் காட்டி நின்னு காய் நறுக்கிட்டிருக்காங்க. நான்தான் போய் அணைச்சேன்.” அப்புறம் கையெடுத்துக் கும்பிட்டான். “வீடே தீயுது, நீங்க சுருட்டை விட்டு அசையலையே சார்! இப்படி ஒரு ஈடுபாட்டை நான் பார்த்ததே இல்லை. வேலை உங்களுக்குத்தான். திங்கட்கிழமை முதலாளி முன்னால கண்ணைக் கட்டிக்கிட்டு, பூசணம் பிடிச்ச இலையை மோந்தே பிரிச்சுக் காட்டணும். உங்களுக்கு அதெல்லாம் தூசு!”

“தூசுதான்” என்றார் விமர்சகர். போன உயிர் திரும்பி வந்ததும் திமிரும் கூடவே வந்துவிட்டது. “என் மனைவி பக்கத்துல நிப்பா. அதுக்குச் சம்மதம்னா வர்றேன்.”

“தாராளமா சார். அங்க அடுப்பு கிடையாது.”

அவனை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியதுதான் தாமதம், விமர்சகர் சமையலறைக்குள் பாய்ந்தார்.

“இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா என் மானமே போயிருக்கும்! அடுப்புப் பக்கத்துலயே நின்னுக்கிட்டு பால் தீயுறது தெரியலையா? உன் மூக்கு எங்க போச்சு?”

கருகிய பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“உங்க மூக்கு போன அதே காய்ச்சல்லதாங்க என்னோடதும் போச்சு, நீங்க ஒரு நாளும் கேக்கலை, நானும் கைக்கு எட்டின டப்பாவைப் பார்த்துச் சொல்லிட்டு வந்தேன்.”