மீனைப் பற்றி நான் கேட்ட ஒரு சந்தேகம்

இரும்புலியூர்,
வியாழக்கிழமை

அன்புள்ள ஷ்யாம்சுந்தர் அண்ணாவுக்கு,

ஒருத்தி சந்தேகப்பட்டு அனுப்பிய செய்தியை ஊர் எந்த நிமிடத்திலிருந்து நம்பத் தொடங்குகிறது? இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரியில் பொதுக் கருத்து பற்றிப் பாடம் நடத்துகிறேன், பதில் தெரியவில்லை. மற்றபடி இங்கே சௌக்கியம். கொழும்பில் நீங்களும் அண்ணியும் சௌக்கியம்தானே?

போன வாரம் நீங்கள் ஒரு வீடியோ அனுப்பினீர்கள். உங்கள் பக்கத்துக் கடலில் ஏதோ கப்பல் ரசாயனத்தைக் கொட்டிவிட்டதாம், மீனெல்லாம் விஷமாம், இரண்டு நாட்டு அரசாங்கமும் மறைக்கின்றனவாம். நான் நம்பவில்லை. நம்பாததால்தான் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போட்டு, இது உண்மையா என்று கேட்டேன். அங்கேதான் தப்பு. அந்தக் குழுவில் யார் எதை அனுப்பினாலும் ஆதாரம் கேட்டு மானத்தை வாங்குகிறவள் நான். எதிர்வீட்டு ஜான்சி, "ஜெயஸ்ரீ மேடமே போட்டிருக்காங்கன்னா விஷயம் இருக்கு" என்று எழுதினாள். மறுநாள் கோவளத்திலிருந்து கூடையோடு வந்த அங்காளம்மாவிடம் ஒருவரும் மீன் வாங்கவில்லை.

பதறிப்போய் ஆதாரங்களோடு மூன்று பத்தி மறுப்பு எழுதினேன். சங்கச் செயலாளர் சுப்ரமணியன் சார், எனக்கு மேலிடத்திலிருந்து அழுத்தம் வந்திருப்பதாக அனுதாபப்பட்டார். குழு இரண்டாகப் பிரிந்தது. மறைப்பது மாநில அரசு என்பவர்கள் ஒரு பக்கம், மத்திய அரசு என்பவர்கள் மறுபக்கம். மீன் கெட்டது என்பதில் மட்டும் முழு ஒற்றுமை. இதற்குள் அங்கே உங்கள் எதிர்க்கட்சி ஆட்கள் யாரோ, சென்னைப் பேராசிரியை அம்பலப்படுத்தினார் என்று என் படத்தோடு பரப்பிவிட்டார்கள். அது ஆண்டுவிழாவில் நான் கொட்டாவி விட்டபோது எடுத்த படம். ஆவேசமாக முழங்குவதுபோல் இருக்கிறது. சுப்ரமணியன் சார் அதை என்னிடமே காட்டி, "பாருங்க மேடம், கொழும்புலயே ஒத்துக்கிட்டாங்க" என்றார். அது நான்தான் சார் என்றேன். அப்படியானால் இன்னும் நம்பலாம் என்றார்.

நாலாம் நாள் அங்காளம்மா என் வாசலில் கூடையை இறக்கினாள். "படிச்சவ நீ, சொல்லும்மா. காலைல வலைல வந்த மீனு, கண்ணைப் பாரு எப்டி கீதுன்னு. நாலு நாளா தெனம் கூடையை அப்டியே திருப்பித் தூக்கினு போறேன். இன்னும் ரெண்டு நாள் பாப்பேன், அப்பால இந்தப் பக்கமே வர மாட்டேன்."

முகத்தைப் பார்க்க முடியாமல் வஞ்சிரம் வாங்கினேன். பொரித்துச் சாப்பிடும் படத்தைக் குழுவில் போட்டேன். பாவம், யாரோ மிரட்டிச் சாப்பிட வைத்திருக்கிறார்கள் என்று ஜான்சி எழுதினாள்.

ஆகவே அண்ணா, இன்றோடு அந்தக் குழுவிலிருந்து விலகுகிறேன். சரிபார்க்காத ஒரு வரியைக்கூட இனி அனுப்ப மாட்டேன், நம்பவும் மாட்டேன். அண்ணிக்கு என் அன்பு; குழந்தைகளுக்குப் படிப்பும் உடம்பும் நன்றாக அமையட்டும்.

உங்கள் தங்கை,
ஜெயஸ்ரீ

பி.கு.: மேலே உள்ளதை நேற்று எழுதினேன். குழுவிலிருந்து விலகுவதற்குள் இன்று காலை அதில் யாருடையதோ ஒரு குரல் பதிவு வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் மீனை மொத்தமாக வாங்கிவிட்டார்களாம், இன்றைக்கு விட்டால் ஒரு மாதத்துக்கு மீன் கிடையாதாம். விஷத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆதாரம் கேட்க நேரமில்லாமல் நானும் பையோடு கீழே ஓடினேன். எனக்கு முன்னால் ஜான்சி இரண்டு பையோடு நின்றாள். என் முறை வந்தபோது மீன் தீர்ந்து, நண்டு மட்டும் இருந்தது. அங்காளம்மா குனிந்து என் காதருகே, "நீதானேம்மா போட்டுவுட்டே? நண்டுக்கும் ஒண்ணு போடேன்" என்றாள். நான் இல்லை என்று சொல்லவில்லை. நண்டும் குறைவாகத்தான் இருக்கிறது என்று அங்கேயே நின்று குழுவில் எழுதினேன். சரிபார்த்துத்தான் எழுதினேன், அண்ணா. எண்ணிப் பார்த்தேன், ஏழு இருந்தது.