காய்ச்சலுக்குக் குலவையிட்ட வீடு

அன்று குலவையிட்டபோது நஃபீசாவின் அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் என் மகள் நஃபீசா, அவள் பக்கத்தில் இன்னும் பெயர் வைக்காத பெண் குழந்தை, தலைமாட்டில் நீங்கள், கால்மாட்டில் நான், வாசலை அடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு யாமினா. உங்கள் தம்பி, பிள்ளை பெற்றவள் அறையில் ஆண்பிள்ளைக்கு என்ன வேலை என்று மொட்டைமாடியில், பெயர் வைக்கிற நாளில் அறுக்க வாங்கிய கிடாவுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. பிற்பாடு பேச்சு மாறக் கூடாது என்றுதான் ஸலாம் சொல்வதற்கு முன்பே இதை எழுதிவிட்டேன்.

ஃபெஸ் நகரத்து பத்தூல் மதினி அவர்களுக்கு, செஃப்ரூவிலிருந்து தம்பி மனைவி மஹ்ஜூபா ஸலாம் சொல்லி எழுதுவது. உங்கள் முழங்கால், உங்கள் மருமகள், உங்கள் பூனை எல்லாம் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். இந்த வாரம் உங்கள் பெயரை துஆவில் சேர்க்க நாக்கு கொஞ்சம் தயங்கியது, ஆனாலும் சேர்த்தேன், அல்லாஹ் சாட்சி. போனை நீங்கள் எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன். மளிகைப் பொட்டலத் தாள்களை வாசித்து நானாகக் கற்றுக்கொண்ட எழுத்து. கோணலாக இருந்தாலும் பாதியில் மடித்துவிடாதீர்கள், கேட்க வேண்டியது கடைசியில்தான் இருக்கிறது.

பிள்ளை பெற்ற உடம்பு திறந்து கிடக்கும், குளிர் உள்ளே புகுந்து உட்கார்ந்துவிடும் என்று சொல்லி ஜன்னலைச் சாத்தியது நீங்கள். கதவிடுக்கில் துணி திணித்தது நீங்கள். கம்பளிக்கு மேல் கம்பளி போட்டு, பிய்த்த ரொட்டியின் மேல் வெந்தயமும் பருப்பும் போட்ட கோழிக் குழம்பை ஊற்றி, அதில் உங்கள் சூட்டுப் பொடியைக் கரண்டி கரண்டியாகக் கொட்டியதும் நீங்கள்தான். சூட்டுப் பொடியை நான் குறை சொல்லவில்லை. அதைத் தின்றுதான் நானும் எழுந்து நடந்தேன். ஆனால் என் உம்மா போட்டது இஞ்சி, பட்டை, கிராம்பு, திப்பிலி என்று பெயர் சொல்லிப் போட்டது. உங்களுடையது அரைத்த மாவு. என்னென்ன சேர்த்தீர்கள் என்று கேட்டதற்கு, "பேரைச் சொன்னா மருந்து வேலை செய்யாது மஹ்ஜூபா" என்றீர்கள். மூத்தவர் பேச்சு, வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் நஃபீசாவின் கன்னம் மாதுளம்பழமாகச் சிவந்தது. தர்மாமீட்டர் வைக்கச் சொன்னீர்கள், வைத்தேன், முப்பத்தொன்பதைத் தாண்டி நின்றது. நீங்கள் பயப்படுவீர்கள் என்று முகத்தைப் பார்த்தால், குலவையிட்டீர்கள். யாமினா உங்களைவிட உரக்கக் குலவையிட்டாள். அந்தச் சத்தம் கேட்டுத் தெருப் பெண்கள் சர்க்கரைக் கூம்புகளைத் தூக்கிக்கொண்டு வாழ்த்த வந்துவிட்டார்கள். எதற்கு வாழ்த்து என்று அவர்களுக்கும் தெரியாது, வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிய எனக்கும் தெரியாது. நஃபீசா என் கையைப் பிடித்து, "உம்மா, எனக்குக் குளிருது, பல்லு தந்தியடிக்குது" என்றாள். நீங்கள், "பாத்தியா, சூடு ஏறிடுச்சு, ஒளிஞ்சிருந்த குளிர் இப்பதான் வெளிய வருது, இன்னொரு கரண்டி போடு" என்றீர்கள். துணியில் கெட்ட வாடை அடித்தது, அதற்குச் சாம்பிராணி போட்டீர்கள். சாயங்காலம் அவள் குழந்தையைக் காட்டி இது யாருடையது என்று கேட்டாள், அதற்கு மட்டும் உங்களிடம் பொடி இல்லை.

குழந்தைக்கு ஊசி போட வந்த நர்ஸ் இப்திஸாம் நஃபீசாவின் நெற்றியில் கை வைத்த வேகத்தில் எடுத்துவிட்டு, காய்ச்சலுக்கா குலவை போட்டீங்க என்று கேட்டாள். நீங்கள் விடுவீர்களா.

"நீ பிள்ளை பெத்தவளா?"

"இல்ல லல்லா" என்று மரியாதையாகவே கூப்பிட்டுச் சொன்னாள். "பெத்துட்டுச் செத்தவங்களைப் பாத்திருக்கேன்."

உங்கள் தம்பி காய்கறி வண்டியைப் பிடித்து நஃபீசாவை அதில் தூக்கிப் போட்டார். நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப, நீங்கள், டாக்டரை நம்புகிற வீட்டில் எனக்கு வேலையில்லை என்று மீதிப் பொடியைச் சட்டி ஓரத்தில் ஒட்டியது உட்பட வழித்துப் பையில் போட்டுக்கொண்டு ஃபெஸ்ஸுக்குக் கிளம்பினீர்கள். சட்டியைக் கழுவியும் வைத்திருந்தீர்கள். எங்கள் வீட்டில் நீங்கள் கழுவிய முதல் சட்டி அது.

கர்ப்பப்பையில் கிருமி சேர்ந்திருக்கிறதாம், அதற்கு மருந்து ஏறுகிறது. ஆனால் சிறுநீர் சிவப்பாகப் போகிறது, இப்போது அதுவும் குறைந்துகொண்டே வருகிறது. சிறுநீரகம் சோர்வது கிருமியால் மட்டும்தானா என்று டாக்டருக்குச் சந்தேகம். என்ன கொடுத்தீர்கள் என்றார், இஞ்சி பட்டை என்று ஆரம்பித்தேன். அவர் கை காட்டி நிறுத்தி, "பச்சையா மினுங்குற வண்டை அரைச்சுப் போட்டாங்களா?" என்று கேட்டார். சூட்டுக்காக அதைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்களாம், சிறுநீரகத்தை அது அரித்துவிடுமாம். மதினி, அந்தப் பொடியில் ஏதோ பச்சையாக மினுங்கியதை நான் பார்த்தேன். ஏலக்காய்த் தோல் என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் மேல் யாரும் வழக்குப் போடப் போவதில்லை, உங்கள் தம்பி சத்தியம் செய்திருக்கிறார். மன்னிப்பும் வேண்டாம், அதை வைக்க இங்கே இடமில்லை. ஏழாம் நாள் போய்விட்டது, பெயர் வைக்கவில்லை, கிடா மாடியில் கொழுத்துக்கொண்டு நிற்கிறது. வீட்டில் உங்கள் கைப் பக்குவம் படாத ஒரே ஜீவன் அதுதான். அல்லாஹ் உங்கள் வீட்டில் பரக்கத்தைக் கொட்டட்டும், உங்கள் கையை எங்கள் அடுப்பிலிருந்து தூரமாக வைக்கட்டும், இனி இந்த ஊரில் யாரும் அந்தப் பொடியைத் தொடாமல் காக்கட்டும், ஆமீன்.

இப்படிக்கு,
மஹ்ஜூபா

பின்குறிப்பு: மடிக்கும்போது யாமினா வந்தாள். ஆஸ்பத்திரியில் நஃபீசாவைப் பார்த்து அழுதுவிட்டு நேராக இங்கேதான் வந்திருக்கிறாள். அவள் மகளுக்கு இது நிறைமாதம். "பத்தூல் லல்லாவுக்கா எழுதுறீங்க? எங்களுக்கும் கொஞ்சம் பொடி அனுப்பச் சொல்லுங்க. சூடு எவ்வளவு சீக்கிரம் ஏறுச்சுன்னு கண்ணால பாத்தேனே" என்றாள். இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப வண்டு இல்லாம அனுப்பச் சொல்லுங்க" என்றாள். அவளுக்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். எனக்கு மட்டும், வண்டு இருந்ததா இல்லையா என்று, இதைக் கொண்டுவரும் டாக்ஸிக்காரர் இத்ரீஸ் திரும்புகிற வண்டியிலேயே பதில் அனுப்புங்கள்.