தாய்மாமன் கடமையும் தவிட்டுக்குருவிகளும்

விழிதியூர்,
வைகாசி, 1979

அன்பும் அதைவிட ஒரு படி கூடுதலாக வீம்பும் உள்ள தியாகராசன் மாமாவுக்கு, அக்காள் மகள் அஞ்சுகம் விழுந்து கும்பிட்டு எழுதுவது. இங்கே அப்பாவின் மூக்கு நீங்கலாக அனைவரும் சுகம். அம்பகரத்தூரில் அத்தை, கறவை மாடு, உங்கள் கோபம் மூன்றின் சுகத்துக்கும் எழுதவும்.

தம்பிக்குக் காது குத்த, போன மாதம் சித்தப்பா மடியில் அவனை உட்கார வைத்தார் அப்பா. ஆசாரி செல்லையன் ஊசியைப் பையில் போட்டுக்கொண்டார். "தாய்மாமன் மடி இல்லாம குத்தமாட்டேங்க. வேணும்னா ஒங்க காதக் காட்டுங்க, குத்துறேன்" என்று கிளம்பிவிட்டார். நம் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் உங்களை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்ததால் நீங்கள் வருவதில்லை. நீங்கள் வராததால் அப்பா அழைப்பதில்லை. நடுவில் தம்பி மூளிக்காதோடு தவழ்கிறான். வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி நாள் பார்த்திருக்கிறது.

இது நிற்க. நம் கிளுவை வேலியில் தவிட்டுக்குருவிக் கூடு, அதில் ஒரே குஞ்சு, ஊட்டுவதோ ஒரு கும்பல்! எது தாய், எது அண்ணன், எது மாமன் என்றே விளங்கவில்லை, ஒன்று புழுவோடு வந்தால் அடுத்தது வெட்டுக்கிளியோடு காத்து நிற்கிறது, ஒன்று மேல்கிளையில் காவல் இருந்து பூனையைக் கண்டால் ஊரைக் கூட்டுகிறது, சற்றுப் பொறுத்து வேறொன்று வந்து காவலை வாங்கிக்கொள்கிறது, அசதி தீர ஒன்றுக்கொன்று இறகு கோதிவிடுகின்றன, எத்தனை அழகு தெரியுமா மாமா! அதிகம் உழைத்து அதிகம் கத்துகிற குருவிக்கு உங்கள் பெயரை வைத்தேன். "தியாகராசன் வந்தாச்சு!" என்று நான் கத்த, அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"எங்கடி ஒன் மாமன்?"

"வேலியில ஒக்காந்திருக்காருப்பா, வாயில புழுவோட."

ஏமாந்த கோபத்தில் அரிவாளோடு வேலியைக் கழிக்கப் போனார். கூட்டருகே கை போனதுதான் தாமதம், குடும்பம் மொத்தமும் அவர் தலையில் இறங்கியது. மூக்கைக் கொத்தியது உங்கள் பெயர்க்காரர்தான். "அடேங்கப்பா, என்னா ஒத்தும!" என்று மூக்கைப் பிடித்தபடி அசந்து நின்றார். இப்போது பூனையை விரட்டுவது அவர் வேலை.

தன் இரத்தம் என்றால் குருவியே இப்படி உருகும்போது, நீங்கள் உருகலாகாதா?

அத்தைக்கு வணக்கமும் மாட்டுக்கு ஒரு தடவலும் சொல்லி, உங்கள் மடியை எதிர்நோக்கும்,
அஞ்சுகம்

பி.கு.: இரத்தம் பற்றி எழுதியதை அடித்துவிடுங்கள். இன்று குஞ்சு கூட்டைவிட்டு வெளியே வந்தது. அது அக்காக்குயில் திருட்டுத்தனமாக இட்டுவிட்டுப் போன முட்டையில் பொரிந்த குஞ்சாம்! ஊட்டுகிறவர்களைவிடப் பெரிதாக உட்கார்ந்து வாயைப் பிளக்கிறது. எல்லாரும் இன்னமும் ஊட்டுகிறார்கள். வெகுநேரம் பார்த்திருந்த அப்பா, "எவ பெத்ததோ, அதுக்கே இத்தன மாமனுங்க. நம்ம புள்ளைக்கு இருக்குறது ஒருத்தன். வெத்தல பாக்கு எடுத்து வையி, நானே போறேன்" என்றார். ஆகவே இந்தக் கடிதத்தை உங்களிடம் நீட்டிக்கொண்டு நிற்பவர் தபால்காரர் அல்லர். உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுங்கள்.